யாருக்கு எழுதுகிறோம், எதற்கு எழுதுகிறோம்?

அணையில் தண்ணீர் நன்றாக இருக்கிற வருஷங்களில், ஜூன் மாதம் பிறந்ததும் கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டு விதமான செய்தி காதில் விழும். ஒன்று அரசு அறிவிப்பு. முல்லைப் பெரியாறு அணையிலிருந்து முதல் போகத்துக்கு 14,707 ஏக்கர் இருபோக நிலம் பாசனம் பெறும் வகையில், வினாடிக்கு 200 கன அடி பாசனத்துக்கும் 100 கன அடி குடிநீருக்குமாக 120 நாளுக்குத் தண்ணீர் திறக்கப்படும் என்று அதில் இருக்கும். இன்னொன்று கூடலூர் டீக்கடையில் கேட்பது: "தண்ணி தொறந்துட்டாங்கப்பா. நாத்துப் பாவ வேண்டியதுதான்."

இரண்டும் ஒரே தண்ணீரைப் பற்றித்தான் பேசுகின்றன. அறிவிப்பு, மதகைத் திருகப்போகிற பொறியாளருக்கும் பின்னாளில் கணக்குப் பார்க்கப்போகிறவருக்கும் எழுதியது. டீக்கடைப் பேச்சு, இன்று ராத்திரி விதைநெல்லை ஊறப்போடலாமா என்று யோசிக்கிறவருக்குச் சொன்னது. இரண்டையும் மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். பொறியாளர் கையில் "தொறந்துட்டாங்கப்பா" என்று ஒரு சீட்டுப் போனால் எவ்வளவு, எத்தனை நாள் என்று தெரியாமல் நிற்பார். நம்ம ஆளிடம் கன அடிக் கணக்கைச் சொன்னால், "அதெல்லாம் இருக்கட்டும்ணே, நம்ம மடைக்கு என்னைக்கு வரும்?" என்று கேட்பார்.

பேச்சில் இந்த வித்தை நம் எல்லோருக்கும் தெரியும். மழை பொய்த்துப் போனதை வட்டிக்காரரிடம் ஒரு விதமாகச் சொல்வோம், சம்பந்தி வீட்டில் வேறு விதமாகச் சொல்வோம், மாரியம்மன் கோயிலில் இன்னொரு விதமாகச் சொல்வோம். மாட்டுச் சந்தையில் வாயே திறக்காமல் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசி முடிப்போம். யாரிடம் பேசுகிறோம், அவரிடம் என்ன காரியம் ஆக வேண்டும் என்பது நாக்குக்குத் தெரியும். பேனாவைக் கையில் எடுத்தால்தான் மறந்துபோகிறது.

முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து விவசாயிகளின் விண்ணப்பங்களை வாசித்தவன் நான். இப்போது இந்தப் பக்கம் உட்கார்ந்து எழுதுகிறேன். இயற்கை விவசாயம் செய்கிற நம் ஆட்களிடம் ஒரு பொதுவான பழக்கத்தைப் பார்க்கிறேன். ஒரு பக்கம் எழுதி வைத்திருப்பார்கள். பசுமைப் புரட்சியில் மண் மலடானது, நம்மாழ்வார் ஐயா காட்டிய வழி, பஞ்சகவ்யா, ஜீவாமிர்தம், நாட்டு மாடு, நஞ்சில்லா உணவு என்று அதில் எல்லாம் இருக்கும். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. அந்த ஒரே பக்கம்தான் வங்கி மேனேஜருக்கும் போகும், மண்டிக்காரருக்கும் போகும், சென்னைக் கடைக்கும் போகும், கலெக்டர் ஆபீசுக்கும் போகும். வாங்கியவர் தனக்கு வேண்டியது எங்கே இருக்கிறது என்று தேடுவார், கிடைக்காது, ஓரமாக வைத்துவிடுவார்.

இதில் நஷ்டம் நமக்குத்தான். பருவத்துக்கு வர வேண்டிய கடன் பருவம் தாண்டி வருகிறது. பதில் வருவதற்குள் தார் மரத்திலேயே பழுத்துவிடுகிறது. நல்ல சரக்கை வைத்துக்கொண்டு, ரசாயனம் போட்டவர் வாங்கும் விலைக்கே தள்ளிவிட்டு வருகிறோம். அதனால் நாம் அன்றாடம் எழுத வேண்டிய தாள்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வங்கிக்கு

கடன் விண்ணப்பத்தை வாசிக்கிற அதிகாரிக்கு நம் கொள்கையில் சண்டை ஒன்றும் கிடையாது. அவர் வீட்டிலும் சிறுதானியம் வாங்கிச் சாப்பிடுவார். ஆனால் அந்தத் தாளை வாசித்து முடித்ததும் அவர் ஒரு குறிப்பு எழுத வேண்டும். அதை மேலதிகாரி வாசிப்பார், பிறகு தணிக்கைக்கு வருகிறவர் வாசிப்பார். அவர்கள் யாரும் நம் தோட்டத்தைப் பார்க்கப்போவதில்லை. நம் விண்ணப்பம், அவர் எழுதப்போகிற குறிப்புக்கான மூலப்பொருள். அதில் அவர் தேடுவது ஐந்து விஷயம்தான்: நிலம் யாருடையது, என்ன பயிர் எத்தனை ஏக்கர், செலவு எவ்வளவு, வருமானம் எவ்வளவு, எந்த மாதம் திருப்பிக் கட்டுவீர்கள்.

கிசான் கிரெடிட் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பயிருக்கும் ஏக்கருக்கு இவ்வளவு என்று மாவட்ட அளவில் ஒரு குழு கடன் அளவு நிர்ணயிக்கிறது. அதைப் பரப்பளவால் பெருக்கி, அறுவடைக்குப் பிந்தைய செலவுக்கும் வீட்டுச் செலவுக்கும் 10 சதவீதம், பண்ணைப் பராமரிப்புக்கு 20 சதவீதம் சேர்த்து வரம்பு போடுவார்கள். 3 லட்சம் வரை 7 சதவீத வட்டி. தவணை தவறாமல் கட்டினால் 3 சதவீதம் சலுகை, ஆகக் கையிலிருந்து போவது 4 சதவீதம். பிணையம் இல்லாமல் வாங்கும் வரம்பு 1.6 லட்சமாக இருந்தது, 2025 ஜனவரி முதல் 2 லட்சம் ஆகிவிட்டது.

இந்தக் கணக்கில் "நான் ரசாயனம் போடுவதில்லை" என்ற வரிக்கு இடம் எங்கே இருக்கிறது? இருக்கிறது, ஆனால் எண்ணாக எழுத வேண்டும். உரக்கடைச் செலவு எவ்வளவு மிச்சம், அதற்குப் பதில் ஆள் கூலி எவ்வளவு கூடுதல், இரண்டு மாட்டுக்குத் தீவனம் எவ்வளவு என்று ஒரு சின்னப் பட்டியல் போடுங்கள். ஊடுபயிர் வைத்திருந்தால் எந்த மாதம் எதிலிருந்து பணம் வரும் என்று மாதவாரியாகக் காட்டுங்கள். ஒரே பயிர் போட்டவருக்கு வருஷத்தில் ஒரு தடவைதான் பணம் வரும். நமக்கு முருங்கை, உளுந்து, வாழை என்று மாறி மாறி வரும். கடன் கொடுக்கிறவர் கண்ணில் இது பெரிய பலம். ஆனால் நாம் எழுதினால்தானே தெரியும்? கடந்த இரண்டு வருஷத்து விற்பனைச் சீட்டுகளைச் சேர்த்து, சிட்டா, அடங்கலோடு வையுங்கள். நம்மாழ்வார் ஐயா படத்தை வீட்டுச் சுவரில் வைத்துக்கொள்வோம்.

மண்டிக்கும் ஏலத்துக்கும்

போடிநாயக்கனூரில் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையத்தில் ஏலக்காய் மின்னணு ஏலத்தில் போகிறது. மலையில் ஒருவர் எப்படிப் பாடுபட்டு விளைவித்தார் என்று அங்கே ஒருவரும் கேட்கப்போவதில்லை. குவியல் எண், எடை, வியாபாரியின் முன்னால் வரும் சிறு மாதிரி, அவ்வளவுதான். அவர் விரலால் கிளறிப் பார்ப்பார். நிறம், பருமன், ஈரம், லிட்டர் எடை. ஒரு லிட்டர் அளவில் எத்தனை கிராம் நிற்கிறது என்பது காய் எவ்வளவு முற்றியது என்று சொல்லிவிடும். அக்மார்க் தரத்தில் ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு என்றால் 7 மில்லிமீட்டர் காய், லிட்டருக்கு 435 கிராம். அந்த மாதிரிக் கிண்ணம்தான் அங்கே நம் கடிதம்.

வாழை, திராட்சை, தேங்காய் வாங்குகிறவர்களும் கிட்டத்தட்ட இப்படித்தான். ஒரு நாளைக்கு எத்தனையோ பேர் பேசுகிற செல்போனில், லாரியில் போய்க்கொண்டே நம் செய்தியை வாசிப்பார். அவருக்கு இப்படி எழுதலாம்:

"செவ்வாழை, 120 தார். சராசரி 14 கிலோ. மார்க்கையன்கோட்டை. லாரி தோட்டம் வரை வரும். 12-ம் தேதி முதல் வெட்டலாம், 20-க்குள் முடிய வேண்டும். இயற்கைச் சான்று உண்டு. வெட்டுக்கூலி உங்களுது என்றால் கிலோ இவ்வளவு, எங்களுது என்றால் இவ்வளவு."

இதில் 'லாரி தோட்டம் வரை வரும்' என்ற வரி, பஞ்சகவ்யா பற்றிய ஒரு பக்கத்தைவிட அவருக்கு முக்கியம். தார்களைத் தலைச்சுமையாகத் தூக்கி வர வேண்டுமா என்பதில்தான் அவர் லாபம் நிற்கிறது. படம் அனுப்பினால் நன்றாக உள்ள ஒரு தாரை மட்டும் அனுப்பாதீர்கள். நல்லது, நடுத்தரம், சிறியது மூன்றையும் பக்கத்தில் வைத்து எடுத்து அனுப்புங்கள். வந்து பார்த்து, "போட்டோவுல ஒண்ணு, இங்க ஒண்ணா?" என்று அவர் கேட்டுவிட்டால் அன்றைய விலை அங்கேயே விழுந்துவிடும்.

வீட்டுக்கு வாங்குகிறவர்களுக்கு

மதுரையிலும் சென்னையிலும் நம்மிடம் நேரடியாக வாங்குகிற குடும்பங்களுக்கு தார் எடையும் லிட்டர் எடையும் வேண்டாம். அவர்கள் மனதில் இருக்கும் கேள்வி வேறு. எப்போ வரும், எப்படி வைப்பது, பிள்ளை சாப்பிடலாமா, ஏன் கடையில் உள்ளதுபோல பளபளவென்று இல்லை?

எங்கள் குழுவில் ஓர் அக்கா இருக்கிறார். எட்டாவதோடு பள்ளியை நிறுத்தியவர். உழவர் சந்தையில் அவர் கடை போடுவதைப் பார்த்து நான் நிறையக் கற்றுக்கொண்டேன். கத்தரிக்காயில் ஓட்டை இருக்கிறதே என்று ஒரு அம்மா கேட்டால், "புழு இருந்த பக்கத்த நறுக்கி எறிஞ்சுட்டு மீதிய வதக்குங்கம்மா. வேணாம்னா இந்தக் கூடையில பொறுக்கிக்கிடுங்க, ரெண்டு ரூபா கூட" என்பார். இதில் விளக்கம் இருக்கிறது, வழி இருக்கிறது, தேர்வு இருக்கிறது. அறிவுரை இல்லை. நம் வாட்ஸ்அப் செய்தியும் இப்படி இருந்தால் போதும்:

"அக்கா, வெள்ளிக்கிழமை காலை பன்னீர் திராட்சை வருது. கொட்டை உள்ள ரகம், நல்ல வாசனை. முந்தின நாள் சாயங்காலம் வெட்டினது. கழுவாம ஃபிரிட்ஜில் வைங்க, சாப்பிடும் முன்னாடி கழுவுங்க. ரெண்டு மூணு நாளில் தீர்த்திடுங்க. பழம் சிறுசும் பெருசுமா இருக்கும். ரெண்டு கிலோ பெட்டி. வேணும்கிறவங்க இன்னைக்கு ராத்திரி எட்டு மணிக்குள்ள சொல்லிடுங்க."

இரண்டு விஷயம் எழுதாதீர்கள். ஒன்று, கடையில் வாங்குவது எல்லாம் விஷம் என்ற பயமுறுத்தல். அந்த அம்மா நேற்றுவரை அதைத்தான் பிள்ளைக்குக் கொடுத்தார். அவரைக் குற்றவாளி ஆக்கிவிட்டு நாம் வியாபாரம் செய்ய முடியாது. இரண்டு, சர்க்கரை நோய் குணமாகும், மூட்டுவலி போகும் என்ற வாக்குறுதி. உணவுப் பொருளை நோய் தீர்க்கும் என்று சொல்லி விற்பதற்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தடை இருக்கிறது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். பொட்டலத்தின் மேல் ஒட்டுகிற சீட்டு என்பது வாங்குகிறவர், ஆய்வாளர் இருவருமே வாசிக்கிற தாள். இயற்கை உணவுக்கான 2017-ம் ஆண்டு விதிமுறைகளில் சிறு விவசாயி நேரடியாக நுகர்வோருக்கு விற்பதற்குச் சான்றிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் சான்று இல்லாமல் 'ஜைவிக் பாரத்' முத்திரையை அச்சடிக்கக் கூடாது.

சான்றுக் குறிப்பேடு

பி.ஜி.எஸ். என்கிற பங்கேற்பு உத்தரவாத முறையில் குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் தோட்டத்தை ஒருவர் சோதிக்கிறோம். ஏற்றுமதிக்கும் பெரிய கடைகளுக்கும் என்.பி.ஓ.பி. சான்று வேண்டும். அதற்கு நம் மாநிலத்தில் கோவையில் இருக்கும் தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறைக்குப் போகலாம். ஒரு பருவப் பயிருக்கு விதைப்புக்கு முன் இரண்டு ஆண்டு, திராட்சை, தென்னை போன்ற நீண்ட காலப் பயிருக்கு முதல் இயற்கை அறுவடைக்கு முன் மூன்று ஆண்டு மாறுதல் காலம்.

எந்தச் சான்றானாலும் உயிர்நாடி அந்தக் குறிப்பேடுதான். அதை வாசிக்கப்போகிறவர் இன்று இங்கே இல்லை. எட்டு மாதம் கழித்து வருவார். நம் முகத்தைப் பார்த்து நம்புவது அவர் வேலை இல்லை. 'வழக்கம்போல் பூச்சிவிரட்டி அடித்தோம்' என்றால் அவருக்கு ஒன்றும் தெரியாது. தேதி, எந்தத் துண்டு நிலம், என்ன பொருள், எவ்வளவு, எங்கே வாங்கியது அல்லது எப்படித் தயாரித்தது, யார் அடித்தது என்று இருக்க வேண்டும். அன்றன்றைக்கு இரண்டு வரி போதும். வருஷக் கடைசியில் உட்கார்ந்து ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் பன்னிரண்டு மாதத்தையும் நிரப்பினால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். வங்கிக் கணக்குப் புத்தகங்களில் அப்படி நிரப்பியதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பதிவு அலுவலகத்துக்கு

எங்கள் பகுதிப் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சுருளிப்பட்டி, ராயப்பன்பட்டி, ஆனைமலையான்பட்டி, காமயகவுண்டன்பட்டி என்று பந்தல் பந்தலாகப் போடும் அதே பழம்தான். உலகம் இதை மஸ்கட் ஹாம்பர்க் என்கிறது. வடக்கே வருஷத்தில் ஒரு பருவத்தில் வரும் பழம், இங்கே கவாத்து முறையை மாற்றி மாற்றி வருஷம் முழுக்க வருகிறது.

"எங்க ஊர் பழம் மாதிரி வருமா?" என்று நாம் சந்தையில் கேட்போம். சென்னை கிண்டியில் இருக்கும் புவிசார் குறியீட்டுப் பதிவகத்துக்கு அது போதாது. 1999-ம் ஆண்டுச் சட்டப்படி அவர்கள் கேட்பது: எந்த எல்லைக்குள் விளைகிறது, வரைபடம் எங்கே, அந்த மண்ணுக்கும் தண்ணீருக்கும் தட்பவெப்பத்துக்கும் பழத்தின் குணத்துக்கும் என்ன தொடர்பு, எத்தனை காலமாக விளைகிறது என்பதற்கு எழுத்துச் சான்று என்ன, எப்படி விளைவிக்கிறார்கள், தரத்தை யார் கண்காணிப்பார்கள். பெருமையை அத்தாட்சியாக மாற்றி எழுதும் வேலை அது. இன்னொன்றையும் கவனியுங்கள். குறியீடு கிடைத்துவிட்டது என்பதற்காகப் பள்ளத்தாக்கில் உள்ள எல்லோரும் பெட்டியில் அந்த முத்திரையைப் போட்டுவிட முடியாது. ஒவ்வொரு விவசாயியும் 'அங்கீகரிக்கப்பட்ட பயன்படுத்துநர்' என்று தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவுக்குப் பத்து ஆண்டு ஆயுள், பிறகு புதுப்பிக்க வேண்டும். திராட்சை போடுகிறவர்கள் குழுவாகப் போய் இதை முடித்துக்கொள்ளுங்கள்.

அத்தாட்சி என்றால் என்ன என்பதற்கு வேம்பு வழக்கைவிட நல்ல பாடம் இல்லை. வேப்பெண்ணெய்ச் சாற்றைக் கொண்டு பூஞ்சணத்தைக் கட்டுப்படுத்தும் முறைக்கு அமெரிக்க வேளாண் துறைக்கும் டபிள்யூ.ஆர். கிரேஸ் நிறுவனத்துக்கும் 1994-ல் ஐரோப்பியக் காப்புரிமை கிடைத்தது. வந்தனா சிவாவும், ஐரோப்பிய நாடாளுமன்றப் பசுமைக் கட்சியின் மக்தா ஆல்வூட்டும், உலக இயற்கை வேளாண் இயக்கங்களின் கூட்டமைப்பும் சேர்ந்து எதிர்த்தார்கள். நம் பாட்டி காலத்திலிருந்து வேம்பைப் பயன்படுத்துகிறோம் என்பது நமக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் மியூனிக்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு யார், எந்த வருஷம், என்ன தயாரித்தார், எந்த வயலில் அடித்தார் என்று வேண்டியிருந்தது. காப்புரிமைக்கு முன்பே அப்படிப்பட்ட சாற்றைத் தயாரித்து வயலில் சோதித்திருந்த இந்தியத் தயாரிப்பாளர் ஒருவரின் சாட்சியம் அங்கே முக்கிய இடம் பெற்றது. 2000-ல் காப்புரிமை ரத்தானது. மேல்முறையீடும் 2005 மார்ச்சில் தள்ளுபடியானது. கோடிக்கணக்கான பேர் அறிந்த உண்மைக்கும் தேதி போட்ட தாள் தேவைப்பட்டது. நம் குறிப்பேட்டைச் சலிப்போடு எழுதுகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கலெக்டர் ஆபீசுக்கு

மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனுக்களைப் பார்க்கிறேன். ஒரே மனுவில் வாய்க்கால் அடைப்பு, காட்டுப்பன்றி, பயிர்க் காப்பீடு, நெல் கொள்முதல் நான்கும் இருக்கும். அது நான்கு துறைக்குப் போக வேண்டிய மனு. ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்ந்து எங்கோ நின்றுவிடும். ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கை. முதல் வரியிலேயே என்ன வேண்டும் என்று எழுதுங்கள். சர்வே எண், கிராமம், வட்டம், எத்தனை மீட்டர் நீளத்துக்கு அடைப்பு, எத்தனை ஏக்கர் பாதிப்பு. அந்த வாய்க்கால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பா, நீர்வளத் துறையின் பொறுப்பா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

தகவல் உரிமை மனு இன்னொரு வகை. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். அங்கே "ஏன் தூர்வாரவில்லை?" என்று கேட்டால் பதில் வராது. அவர்கள் தர வேண்டியது ஆவணம், விளக்கம் இல்லை. "இந்த வாய்க்காலில் கடந்த மூன்று ஆண்டுகளில் தூர்வார ஒதுக்கிய தொகை, செலவழித்த தொகை, பணி முடித்த தேதி, அளவுப் புத்தக நகல் தருக" என்று கேளுங்கள். கோபத்தைக் கூட்டத்தில் பேசுவோம். மனுவில் எண்ணை எழுதுவோம்.

மாற்றக் கூடாதது

இவ்வளவும் வாசித்துவிட்டு, "அப்போ ஆளுக்கு ஒரு பேச்சுப் பேசச் சொல்றீங்களா சார்?" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். எங்கள் குழுவில் இது ஒரு நாள் பெரிய விவாதமாகவே ஆனது.

ராயப்பன்பட்டிப் பக்கம் பன்னீர் திராட்சை போடுகிற அண்ணன் ஒருவர். மழை மூட்டத்தில் அடிச்சாம்பல் நோய் வந்தபோது போர்டோ கலவை அடித்தார். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது. இயற்கை வேளாண் தர விதிகளில் அதற்குக் கட்டுப்பாட்டோடு அனுமதி உண்டு. குறிப்பேட்டில் தேதி, அளவு எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தார். பழம் வந்தபோது வாட்ஸ்அப்பில் வாங்குகிற ஒரு குடும்பம், "எந்த மருந்துமே அடிக்கலைதானே?" என்று கேட்டது. என்ன பதில் போடுவது என்று குழுவில் கேட்டார்.

"அடிக்கலைன்னு போடுங்க மாமா, அது மருந்துல சேர்த்தியே இல்ல" என்றார் ஒரு தம்பி. "மயில்துத்தம்னு சொன்னா பயந்துருவாக" என்றார் இன்னொருவர். முன்னே சொன்ன அக்காதான் பேசினார்: "நம்ம நோட்டுல எழுதியிருக்குல்ல? நாளைக்கு அந்தம்மா தோட்டம் பாக்க வந்து அந்த நோட்டப் புரட்டினா?"

கடைசியில் அண்ணன் எழுதியது இது: "ரசாயனப் பூச்சிக்கொல்லி அடிக்கவில்லை. மழைக்காலத்தில் பூஞ்சண நோய் வந்ததால் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையைக் காய் பிடிக்கும் முன்பு ஒரு முறை அடித்தோம். இயற்கை விவசாயத்தில் அளவோடு அனுமதிக்கப்பட்டது. பழத்தை நன்றாகக் கழுவிச் சாப்பிடுங்கள்." இரண்டு குடும்பம் அந்த வாரம் வாங்கவில்லை. மற்றவர்கள் வாங்கினார்கள். நாலைந்து பேர் அது என்ன கலவை, எப்படிச் செய்வது, மாடித் தோட்டத்துக்கு ஆகுமா என்று கேட்டு எழுதினார்கள்.

குறிப்பேட்டில் அது தேதியும் அளவுமாக இருக்கிறது. வீட்டுக்காரர்களுக்கு அது நான்கு வரி விளக்கமாக இருக்கிறது. வங்கிக்குப் போனால் 'பயிர் பாதுகாப்புச் செலவு' என்று ஒரு எண்ணாக இருக்கும். மண்டிக்காரர் கேட்கவே மாட்டார், கேட்டால் ஒரு வார்த்தையில் சொல்லலாம். வடிவம் நான்கு, நடந்தது ஒன்று. வங்கியில் நான்கு ஏக்கர் என்று எழுதி, சான்றுக் குழுவில் இரண்டரை ஏக்கர் என்று எழுதி, கடைக்காரரிடம் ஆறு ஏக்கர் சரக்கு விற்றால், அந்த மூன்று தாளும் என்றாவது ஒரே மேசைக்கு வரும். அன்றைக்கு நம் ஒருவர் பெயர் மட்டும் கெடாது. 'ஆர்கானிக்னு சொல்றவன் எல்லாம் இப்படித்தான்' என்று பக்கத்துத் தோட்டக்காரர் பெயரும் சேர்ந்து கெடும். நமக்கு இருக்கிற ஒரே முதல் அந்த நம்பிக்கைதான்.

அடுத்த மாதக் குழுக் கூட்டத்தில் ஒரு வேலை செய்யுங்கள். தோட்டத்தின் அடிப்படை எண்களை, அதாவது சர்வே எண், பரப்பு, பயிர், மாதவாரி அறுவடை, இடுபொருள் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எந்தத் தாளுக்கும் எண் அதிலிருந்து மட்டும்தான் எடுக்க வேண்டும். பிறகு வங்கிக்கு ஒன்று, மண்டிக்கு ஒன்று, வீட்டுக்கு வாங்குகிறவர்களுக்கு ஒன்று என்று மூன்று சிறு குறிப்பு எழுதுங்கள். ஒவ்வொன்றும் எழுதும்முன் கேட்டுக்கொள்ளுங்கள்: இதை வாசிக்கிறவர் யார், வாசித்து முடித்ததும் அவர் என்ன செய்ய வேண்டும், அதற்கு அவருக்கு என்ன தெரிந்தாக வேண்டும். எழுதியதைக் குழுவுக்கு வெளியே உள்ள ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். வங்கிக் குறிப்பை வங்கியில் வேலை பார்த்த ஒருவர் பார்க்கட்டும், திராட்சைச் செய்தியை டவுனில் இருக்கும் மகளோ மருமகளோ பார்க்கட்டும். "இதுல என்னைக்கு வரும்னே போடலையேப்பா" என்று அவர்கள் கேட்டால், அந்தத் தேதியை அங்கேயே எழுதிவிட்டு அனுப்புங்கள்.